நாள்பட்ட குடல் நோயுள்ள முயலை மலையில் பேணுவது எப்படி

கொடைக்கானலில் எங்கள் வீட்டில் வளரும் மிளகு என்ற ஆண் முயலுக்கு இப்போது 6 வயதாகிறது. உடல் முழுவதும் வெள்ளை. முதுகில் மிளகைச் சிதறவிட்டாற்போலச் சில கறுப்புப் புள்ளிகள், கண்களைச் சுற்றி மை தீட்டியது போன்ற வளையம், மூக்கின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு சிறு கறை. அந்த நிறத்துக்காகவே அதை விரும்பி வாங்கினோம். அந்த நிறத்துக்கும் அதன் வயிற்று நோய்க்கும் தொடர்பு உண்டு என்பதை, மாதத்துக்கு ஒருமுறையாவது அது உண்ணாமல் மூலையில் ஒடுங்கி உட்காருவதைப் பார்த்து 2 ஆண்டுகள் கலங்கிய பிறகுதான் அறிந்துகொண்டோம்.

புள்ளியுள்ள தாய்க்கும் புள்ளியுள்ள தந்தைக்கும் பிறக்கும் குட்டிகளில், புள்ளிக்குரிய மரபணுவை இரு பக்கத்திலிருந்தும் பெறுபவை சராசரியாக நான்கில் ஒன்று. அத்தகைய குட்டிகளின் உடலில் நிறமுள்ள பகுதி 10 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இருக்கும். முயல் வளர்ப்போர் அவற்றைச் 'சார்லி' என்று அழைப்பார்கள். இவற்றில் பலவற்றுக்குப் பெருங்குடல் விரிந்து தளர்ந்து, உள்ளிருப்பதை முன்னே தள்ளும் வலுவில்லாமல் போகிறது. இந்நோய்க்கு மெகாகோலன் என்று பெயர். இந்த நிறத்துக்கும் இந்த நோய்க்கும் கேஐடி என்ற ஒரே மரபணுவோடு தொடர்பு இருப்பதை 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இதைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. ஆனால் மிளகுக்குக் கடந்த ஆண்டு முழுவதிலும் இரண்டே முறைதான் குடல் நின்றது. அதுவும் இரு முறையும் தொடக்கத்திலேயே கண்டுகொண்டதால் மருத்துவமனையில் தங்க வேண்டிய நிலை வரவில்லை.

உங்கள் முயலுக்கு வந்திருப்பதும் இதே நோயாக இருக்க வேண்டும் என்பதில்லை. கடைவாய்ப் பற்கள் கூர்ந்து நாக்கையோ கன்னத்தையோ கீறுவது, வயதான முயலின் மூட்டு வலி, சிறுநீர்ப்பையில் சுண்ணாம்பு படிவது, அறுவை சிகிச்சைக்குப் பின் குடல் ஒட்டிக்கொள்வது, பல ஆண்டுகள் நார்ச்சத்தில்லாத தீவனத்தையே உண்டது என்று குடல் அடிக்கடி நிற்பதற்குக் காரணங்கள் பல. வலி எங்கிருந்தாலும் முயலின் குடல்தான் முதலில் நிற்கும் என்பதை மனத்தில் கொள்ளுங்கள். ஆகவே எதையும் தொடங்கும் முன், வாய்க்குள் கருவி விட்டுக் கடைவாய்ப் பற்களைப் பார்க்கும்படியும் வயிற்றை எக்ஸ்ரே எடுக்கும்படியும் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுச் செய்துகொள்ளுங்கள். வயிற்று மருந்தை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுத்து ஓராண்டைக் கழித்துவிட்டு, கடைசியில் பல்லில் காரணத்தைக் கண்டுபிடித்த வீடுகளை நான் அறிவேன்.

புழுக்கையைப் படிக்கப் பழகுங்கள்

முயல் தன் நோயை மறைக்கும் விலங்கு. அது நோயுற்றதுபோல் நமக்குத் தெரியும்போது நோய் பாதி வழி வந்துவிட்டிருக்கும். ஆனால் புழுக்கை எதையும் மறைப்பதில்லை. நான் காலையில் எழுந்ததும் செய்யும் முதல் வேலை, மிளகின் தட்டில் உள்ள பழைய செய்தித்தாளை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பது.

நலமாக உள்ள முயல் ஒரு நாளில் 200 முதல் 300 புழுக்கைகள் வரை போடும். அவை ஏறத்தாழ ஒரே அளவில் உருண்டையாகவும், வெளிர்பழுப்பு நிறத்திலும் இருக்கும். விரலால் அழுத்தினால் உள்ளே மரத்தூள்போல உலர்ந்த நார் உதிர வேண்டும். புழுக்கை நாளுக்கு நாள் சிறுத்துக் கறுத்துக் கடினமாகிறது என்றால் உண்பது குறைந்துவிட்டது அல்லது உடலில் நீர் வற்றுகிறது. முடியில் கோத்த மணிமாலைபோல் வந்தால் உதிரும் முடியை அதிகம் விழுங்குகிறது. கோழை பூசியதுபோல் பளபளப்பாக வந்தால் குடலின் உட்சுவர் உறுத்தப்பட்டிருக்கிறது. மெகாகோலன் உள்ள முயலுக்கு நல்ல நாளிலும் புழுக்கை உருண்டையாக இராது. பெரிதாக, நீள்வட்டமாக, ஒழுங்கற்று, சற்று ஈரமாக இருக்கும். எனவே உங்கள் முயலுக்கு எது வழக்கம் என்று முதலில் தெரிந்துகொண்டு, அந்த வழக்கத்திலிருந்து விலகுவதைத்தான் கவனிக்க வேண்டும்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று உண்டு. முயலின் குடலில் சீக்கம் என்ற பெரிய பை இருக்கிறது. குடலில் உள்ளவற்றில் ஏறத்தாழ 40 விழுக்காடு அதற்குள்தான் கிடக்கும். அங்கே நுண்ணுயிர்கள் நாரை நொதிக்க வைத்து உண்டாக்கும் மென்புழுக்கை, சிறு திராட்சைக் குலைபோல் கறுத்து, பளபளப்பாக, கடும் மணத்தோடு வெளிவரும். முயல் குனிந்து அதை நேரே வாயால் எடுத்து விழுங்கிவிடும். அதுவே அதன் புரதத்துக்கும் பி வைட்டமின்களுக்கும் முக்கியமான வழியாதலால் தடுக்கக் கூடாது. மாறாக, அது உண்ணப்படாமல் தரையில் நசுங்கிக் கிடந்தாலோ பின்பக்க முடியில் அப்பிக்கொண்டாலோ, பெரும்பாலும் சர்க்கரையும் மாவும் கூடிவிட்டன என்று பொருள். அல்லது முதுகு வலியாலோ பருமனாலோ முயலால் குனிய முடியவில்லை. பலர் இதை வயிற்றுப்போக்கு என்று நினைத்துத் தவறான மருந்தைக் கொடுக்கிறார்கள். உண்மையான வயிற்றுப்போக்கு தண்ணீர்போல் இருக்கும். அது வந்தால், குறிப்பாக 3 மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு வந்தால், அன்றே மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும்.

சமையலறைச் சுவரில் ஆணியடித்து ஒரு 40 பக்க நோட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். "இரவு 9: புல் பாதி மீதம். புழுக்கை குறைவு, சிறியவை. காது வெதுவெதுப்பு. மணி 11: புதினா மட்டும் தின்றது" என்பது போன்ற வரிகள்தான் அதில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைதோறும் காய்கறி எடை பார்க்கும் தராசில் ஒரு கூடையை வைத்து எடையும் பார்த்து எழுதுகிறேன். 2 கிலோ முயலுக்கு 100 கிராம் குறைவது உடலில் இருபதில் ஒரு பங்கு குறைவதாகும். தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத இந்த மாற்றத்தைத் தராசு காட்டிவிடும். மருத்துவரிடம் போகும்போது நான் பேசுவதைவிட அந்த நோட்டே அதிகம் பேசுகிறது.

உலர்புல்லே மருந்து

குடல் நோயுள்ள முயலின் உணவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் உலர்புல்லாக இருக்க வேண்டும். முயலின் குடலை அசைய வைப்பது செரிக்காத நீண்ட நார்தான். அது குறைந்தால் வேறு எதைக் கொடுத்தும் ஈடுகட்ட முடியாது. முயலின் பல் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டேயிருக்கிறது. முன்பல் வாரத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வளரும். புல்லை இடமும் வலமுமாக அரைத்து மெல்லுவதால்தான் கடைவாய்ப் பற்களும் தேய்ந்து சமமாக நிற்கின்றன. ஒரு நாளைக்கு முயலின் உடலளவு பெரிய ஒரு குவியல் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலையிலும் மாலையிலும் புதிதாகப் போடுங்கள். பழைய புல் அங்கேயே கிடந்தால் முயல் அதை முகர்ந்துவிட்டு விலகிப் போகும்.

வைக்கோல் வேறு, உலர்புல் வேறு. நெல் வைக்கோலில் சத்து மிகக் குறைவு; படுக்கையாகப் போடலாம், உணவாக நம்பக் கூடாது. கடைகளில் கிடைக்கும் திமோத்தி உலர்புல் நல்லதுதான். ஆனால் விலை அதிகம். மலைக்கு வந்து சேர்வதும் சீராக இருப்பதில்லை. பாதி மாதத்தில் புல் தீர்ந்து, அந்த நெருக்கடியில் வேறொன்றைக் கொடுத்து வயிற்றைக் கெடுத்துக்கொள்வதைவிட, ஒரு பங்கை நாமே உலர்த்தி வைத்துக்கொள்வது நல்லது. எங்கள் மலையில் அதற்கு வசதி உண்டு. மேய்ச்சல் நிலத்திலும் சாலையோரத்திலும் கிக்குயு புல் தானே மண்டிக்கிடக்கிறது. மாடு வைத்திருப்பவர்களிடம் தீவன ஓட்ஸும் சில இடங்களில் கிடைக்கும். ஓட்ஸ் பூத்து மணி பால் பிடிக்கும் முன்பே அறுத்துவிட வேண்டும். மணி முற்றிவிட்டால் அது தானியமாகிவிடும், குடல் நோயாளிக்கு ஆகாது.

கொடைக்கானல் அமைந்துள்ள பழனி மலைத்தொடரின் மேல்பகுதியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் மூடுபனியும்தான். அந்த மாதங்களில் எதுவும் காயாது. ஜனவரி பிறந்து, இரவில் உறைபனியும் பகலில் சுள்ளென்ற வெயிலுமாக வானம் தெளியும் அந்த இரண்டு மூன்று மாதங்களே புல் உலர்த்தும் காலம். பனி ஈரம் விலகியபின், காலை 10 மணிக்கு மேல் அறுத்து, தகரக் கூரையிலோ தார்ப்பாயிலோ கையளவு கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, நாளுக்கு இருமுறை புரட்டிவிட்டு, மாலை பனி இறங்கும் முன் அள்ளி உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும். நான்கைந்து நாளில் தண்டை வளைத்தால் 'டக்'கென்று ஒடியும். நிறத்தில் பச்சை மிஞ்சியிருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் தேயிலைத் தூளைப் போன்ற இனிய மணம் வரும். தண்டு ஒடியாமல் துவண்டு வளைந்தால் இன்னும் ஒரு நாள் வெயில் வேண்டும்.

மலையில் முயலின் குடலுக்கு வரும் பெரிய ஆபத்து இந்தப் புல்லிலேயே இருக்கிறது: பூஞ்சணம். நவம்பரில் எங்கள் வீட்டுச் சுவரிலும் செருப்பிலும்கூடப் பூஞ்சணம் பிடிக்கும்போது புல் மூட்டையை மட்டும் விட்டுவிடுமா? பூஞ்சணம் உண்டாக்கும் நச்சு குடலையும் ஈரலையும் தாக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் உள்ளே வியர்த்துக் கெட்டுவிடும். காற்றோட்டமான சணல் சாக்கில் அடைத்து, தரையில் படாமல் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, சமையலறை வெப்பம் எட்டும் இடத்தில் வைக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரு கைப்பிடியை உதறிப் பார்க்கிறேன்: சாம்பல்போல் தூசு பறந்தாலோ, ஈர நிலவறையின் வாடை அடித்தாலோ, நடுவில் வெண்ணிறம் படர்ந்திருந்தாலோ அந்த மூட்டை முழுவதும் உரக்குழிக்குப் போகும். நல்ல பகுதியை மட்டும் பொறுக்கி எடுக்கலாம் என்ற எண்ணம் வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

பச்சைப் புல்லும் நல்லதே. ஆனால் காய்கறித் தோட்டத்து வரப்பிலும் தேயிலைத் தோட்டத்து ஓரத்திலும் அறுக்காதீர்கள். மருந்தடிக்கும் நாளை நமக்கு யாரும் சொல்லிவிட்டுச் செய்வதில்லை. அறுத்துக் குவித்த பச்சைப் புல் சில மணி நேரத்திலேயே உள்ளே சூடேறிப் புளிக்கத் தொடங்கும் என்பதால், பரப்பி வைத்து அன்றன்றே கொடுக்க வேண்டும்.

காட்டிலிருந்து வரும் அன்பளிப்புகள்

பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சிப் பக்கம் யாரையாவது தெரிந்தவர்களுக்கு வீட்டில் காய்கறிக்குக் குறைவிருக்காது. எங்களுக்கு அப்படி ஒரு பெரியம்மா இருக்கிறார். ஒரு தை மாதத்தில் பறித்த கேரட்டைச் சாக்கோடு கொண்டுவந்து, நான் வீட்டில் இல்லாத நேரத்தில் முயலுக்கு முன் நான்கைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் பதறியதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, மொசலுக்குக் கேரட்டக் குடுக்காம வேற என்னத்தக் குடுக்குறது?" என்று உண்மையிலேயே புரியாமல் கேட்டார். மறுநாள் விடியற்காலையில் மிளகின் வயிறு தம்பட்டம்போல் விறைத்திருந்தது. அவர் மேல் குற்றமில்லை. உலகம் முழுவதும் படத்தில் முயல் கையில் கேரட்டைத்தான் வரைந்து வைத்திருக்கிறார்கள்.

கேரட் கிழங்கில் சர்க்கரை அதிகம். சீக்கத்தில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் நாரை நம்பி வாழ்பவை. சர்க்கரையும் மாவும் பாய்ந்தால் அவை பின்வாங்கி, வாயுவும் நச்சும் உண்டாக்கும் கிருமிகள் பெருகிவிடும். குடல் நோயுள்ள முயலுக்குக் கேரட், பீட்ரூட், வாழைப்பழம், ஆப்பிள், பிஸ்கட், பொரி, சோறு ஆகிய எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். கேரட்டின் இலையைக் கொடுக்கலாம். கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை, லெட்டூஸ், செலரி இலை ஆகியவற்றில் நாளுக்கு ஒரு கைப்பிடி போதும். புதிய கீரை எதையும் ஒரே ஓர் இலையில் தொடங்கி, 3 நாள் புழுக்கையைப் பார்த்தபின் கூட்டுங்கள். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இலைகள் நலமான முயலுக்குச் சிறிதளவு பொறுக்கும். வாயுத் தொல்லை உள்ள முயலுக்கு நான் கொடுப்பதில்லை.

தோட்டத்தில் களையெடுத்து வரும் இலைக் குவியலை அப்படியே கூண்டில் போடுவது மிகவும் ஆபத்தானது. உருளைக்கிழங்குச் செடியும் முளைவிட்ட கிழங்கும் நச்சு. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் மலைப்பூண்டு மனிதருக்கு மருந்தாக இருக்கலாம். முயலுக்குப் பூண்டுத் தாளும் வெங்காயத் தாளும் இரத்த அணுக்களைச் சிதைப்பவை. பட்டர் ஃப்ரூட்டின் பழமும் இலையும், உண்ணிச்செடி, பெரணி, ஓடையோரம் வெள்ளையாகப் பூக்கும் ஆரம் லில்லி, வேலியோரம் எக்காளம்போல் தொங்கும் பூச்செடி ஆகியவை அனைத்தும் இம்மலையில் வீட்டுக்கு வீடு இருப்பவை; இவற்றுக்கு முயலின் வாய் எட்டக் கூடாது.

தீவன உருண்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மன்னவனூரில் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் இருப்பதால், இப்பகுதியில் முயலை இறைச்சிக்காக வளர்க்கும் பண்ணை அறிவு நன்கு பரவியிருக்கிறது. ஆனால் பண்ணைத் தீவனம் சில மாதங்களில் எடை ஏற்றுவதற்காக மக்காச்சோளமும் பிண்ணாக்கும் சேர்த்து அரைத்தது; 10 ஆண்டு வாழ வேண்டிய வீட்டு முயலின் தேவை வேறு. முயல் மசால் என்ற பெயரைப் பார்த்து அதையே முழு உணவாக்குபவர்களும் உண்டு. அதுவும் குதிரை மசாலும் வேலி மசாலும் பயறு வகைத் தீவனங்கள். குதிரை மசாலில் புரதமும் சுண்ணாம்புச்சத்தும் வளர்ந்த முயலின் தேவைக்கு மிகுதி. புல்லையே அடிப்படையாக வைத்துத் தயாரித்த உருண்டையை, எங்கள் மருத்துவர் சொன்னபடி உடல் எடை ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 20 கிராமுக்கு மேல் போகாமல் கொடுக்கிறேன். உங்கள் முயல் மெலிந்துகொண்டே போனால் இந்த அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்; மெகாகோலன் முயல்களில் சில மெலிந்துபோகும் தன்மையுடையவை.

தண்ணீர், முடி, அமைதி

முயலுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 மில்லிலிட்டர் தண்ணீராவது வேண்டும். மார்கழியிலும் தையிலும் பனிக்கட்டிபோல் குளிர்ந்த நீரை மிளகு முகர்ந்துவிட்டு விட்டுவிடும். வெதுவெதுப்பான நீரைக் கனமான மண் கிண்ணத்தில் வைத்த அன்று முதல் குடிக்கும் அளவு கண்கூடாகக் கூடியது. உருளும் குழாய்ப் புட்டியைவிடக் கிண்ணமே நல்லது. கீரையை நன்கு நனைத்துக் கொடுப்பதும் நீர் உள்ளே போக எளிய வழி.

முடி உதிரும் காலத்தில் நாள்தோறும் சீப்பால் வாருங்கள். முடி உருண்டைதான் நோய்க்குக் காரணம் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் முயலின் இரைப்பையில் எப்போதும் சிறிது முடி இருக்கும். குடல் மெதுவாகி நீர் வற்றும்போதுதான் அது இறுகுகிறது. அன்னாசிச் சாறு முடியைக் கரைக்கும் என்பதில் உண்மையில்லை. சர்க்கரைதான் உள்ளே போகும்.

அச்சமும் குடலை நிறுத்தும். இரவில் காட்டெருமை வீட்டு வாசலில் வந்து மூச்சுவிடும் ஊர் இது; பகலில் குரங்குகள் கூண்டைப் பிடித்து உலுக்கும். எனவே முயலை வெளியே கொட்டகையில் வைக்காமல், வீட்டுக்குள் தெருப்பக்கம் இல்லாத அறையில், காற்று நேரே அடிக்காத, ஈரமில்லாத தரையில் வைத்திருங்கள். நாளுக்கு 3 மணி நேரமாவது ஓடித் திரிய விடுங்கள்; உடல் அசைந்தால் குடலும் அசையும். பின்பக்கம் அழுக்கானால் அந்த இடத்தை மட்டும் வெதுவெதுப்பான துணியால் துடைத்து முழுவதும் உலர்த்துங்கள். மலைக் குளிரில் முயலைக் குளிப்பாட்டுவது உயிருக்கே ஆபத்து. அழுக்கை அப்படியே விட்டாலோ கோடையில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும்.

குடல் நின்ற இரவில்

10 முதல் 12 மணி நேரம் எதுவும் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருக்கும் எந்த முயலும் அவசர நோயாளிதான். ஏற்கெனவே குடல் நோயுள்ள முயலுக்கு நான் அவ்வளவு நேரம் காத்திருப்பதில்லை. மாலைப் புல்லைத் தொடாமல், பிடித்த புதினாவையும் மறுத்தால் அப்போதே வேலையைத் தொடங்கிவிடுவேன்.

முதலில் உடல் வெப்பம் பாருங்கள். முனையில் வாசலின் தடவிய டிஜிட்டல் தெர்மாமீட்டரை ஆசனவாயில் மெல்ல ஒரு சென்டிமீட்டர் அளவு செலுத்தினால் போதும். இயல்பான வெப்பம் 101 முதல் 104 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. 100.4க்குக் கீழே இறங்கியிருந்தால் உணவைப் பற்றி நினைக்காமல் முதலில் சூடேற்றுங்கள். குளிர்ந்த உடலில் குடல் அசையாது. வெந்நீர்ப் பையைத் தடித்த துண்டில் சுற்றி ஒரு பக்கமாக மட்டும் வையுங்கள், சூடு மிகுந்தால் முயல் விலகிக்கொள்ள இடம் இருக்கட்டும். மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டும் வழக்கம் மலையில் உண்டு. அதன் புகையும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் முயலுக்கு மட்டுமன்றி உங்களுக்கும் உயிராபத்து.

பிறகு வயிற்றைத் தொடுங்கள். இங்கேதான் பிரித்தறிய வேண்டிய மிக முக்கியமான வேறுபாடு இருக்கிறது. விலா எலும்புக்குப் பின்னால் பிசைந்த மாவுபோல் சற்றே அமுங்கினால் அது பெரும்பாலும் மெதுவாகிப்போன குடல். சில மணி நேரத்துக்கு முன்பு வரை நன்றாக இருந்த முயல் திடீரென்று சரிந்து, வயிறு மேளத்தோல்போல் விறைத்து, காது சில்லிட்டிருந்தால் அது அடைப்பாக இருக்கலாம். அடைப்பென்று ஐயம் வந்தால் வாய்வழி எதையும் கொடுக்காதீர்கள், வயிற்றைப் பிடித்துவிடாதீர்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது என்பதால் இரைப்பையே கிழிந்துவிடக்கூடும். அந்த நிமிடமே மருத்துவரிடம் புறப்படுங்கள். அங்கே ஒரு துளி இரத்தத்தில் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். ஒரு டெசிலிட்டருக்கு 360 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அது அடைப்பைச் சுட்டும் வலுவான அடையாளம்.

அடைப்பில்லை, உடலும் சூடாக இருக்கிறது என்றால், மருத்துவர் முன்பே எழுதிக் கொடுத்திருக்கும் வலி மருந்தை அவர் சொன்ன அளவில் கொடுங்கள். வலி தணியாமல் குடல் நகராது. இதைக் கொடுக்கத் தயங்கித்தான் நாங்கள் முதல் ஆண்டில் பல இரவுகளை வீணாக்கினோம். அரை மணி நேரம் கழித்துக் கூழ் ஊட்டலாம். கிரிட்டிகல் கேர் போன்ற மீட்புத் தூள் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் வழக்கமான புல் உருண்டையை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, மிக்ஸியில் அரைத்து, துணியால் வடிகட்டாமல், ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சில் ஏறும் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். முயலைத் துண்டில் சுற்றி, நான்கு காலும் கீழே இருக்கும்படி மடியில் வைத்து, முன்பல்லுக்குப் பின்னுள்ள இடைவெளியில் பக்கவாட்டாகச் சிரிஞ்சை நுழைத்து, அரை மில்லி கொடுத்து, மெல்லும் அசைவு நிற்கும் வரை காத்திருந்து, அடுத்த அரை மில்லி கொடுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்து ஊட்டினால் கூழ் நுரையீரலுக்குள் போய்விடும். ஒரு நாள் முழுவதற்கும் கிலோவுக்கு ஏறத்தாழ 50 மில்லி என்ற அளவை நாலைந்து வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தாடை அசைந்து அசைந்து, கடைசியில் முயல் தானாகச் சிரிஞ்சின் முனையைக் கடித்து இழுக்கும் அந்தக் கணத்தில், எனக்கும் அன்று முதன்முறையாகப் பசிக்கும்.

இரண்டு வேளை ஊட்டியும் 6 மணி நேரத்தில் ஒரு புழுக்கைகூட வரவில்லையென்றால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். தோலுக்கடியில் நீர் ஏற்றுவதும், அடைப்பில்லை என்று உறுதி செய்தபின் குடலை இயக்கும் மருந்து கொடுப்பதும் அவர் செய்ய வேண்டியவை.

கொடுக்கக் கூடாதவற்றையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். குழந்தைகளுக்குக் கொடுக்கும் அமாக்சிசிலின் சிரப்பை வாய்வழி கொடுத்தால் சீக்கத்தின் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, நச்சுக் கிருமி பெருகி, சில நாளில் முயல் இறந்துவிடும். ஆம்பிசிலின், கிளிண்டமைசின், லின்கோமைசின் ஆகியவையும் அப்படியே. நாய்க்குத் தெளிக்கும் ஃபிப்ரோனில் உண்ணி மருந்தும் முயலுக்கு நஞ்சு. ஓமத் தண்ணீரும் கிரைப் வாட்டரும் குழந்தைக்குக் கைகண்ட மருந்தாக இருந்தாலும், அவற்றின் இனிப்பு இங்கே கேடு செய்யும். வாயுவுக்குச் சிமெத்திக்கோன் சொட்டு மருந்தைச் சிலர் கொடுக்கிறார்கள். அதனால் பெரிய தீங்கில்லை, ஆனால் அதை மட்டும் நம்பி ஓர் இரவைக் கழிக்காதீர்கள்.

மலையிறங்கும் பயணம்

மலையில் உள்ள கால்நடை மருந்தகங்களில் மாடும் ஆடும் நாயும்தான் அதிகம் வரும். முயலைப் பழகிப் பார்த்த மருத்துவருக்காக மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ இறங்க வேண்டியிருக்கலாம். அந்த மருத்துவர் யார் என்பதை முயல் நலமாக இருக்கும்போதே தேடி, ஒருமுறை நேரில் காட்டி, இரவில் அழைக்கலாமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கொடைக்கானலிலிருந்து மதுரை ஏறத்தாழ 120 கிலோமீட்டர். வத்தலக்குண்டு வரை கொண்டை ஊசி வளைவுகள். மேலே மயிர்க்கூச்செறியும் குளிரில் அடர்ந்த முடியோடு பழகிய முயல், கீழே கோடை வெயிலில் சில மணி நேரத்தில் வெப்பத்தாக்குதலுக்கு ஆளாகிவிடும். 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே அதற்கு மூச்சு முட்டத் தொடங்கும். நாங்கள் விடியற்காலை 4 மணிக்குப் புறப்படுவோம். மலைச் சாலையில் கம்பளிக்குள் வெந்நீர்ப் பை. வத்தலக்குண்டு தாண்டியதும் அதை எடுத்துவிட்டு, உறையவைத்த தண்ணீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் ஒரு பக்கம் வைப்பது. இரண்டையும் புறப்படும்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கு அடியில் வழுக்காத சாக்கு, உள்ளே அதன் வழக்கமான புல், நனைத்த கொத்தமல்லி. பெட்டியை வண்டி போகும் திசைக்குக் குறுக்காக, இருக்கைக்குக் கீழே தரையில் வைத்தால் வளைவுகளில் முயல் குறைவாகவே சாயும்.

கடைசி 12 மணி நேரப் புழுக்கையை ஒரு காகிதப் பொட்டலத்திலும், சுவரில் தொங்கும் நோட்டையும், இதுவரை கொடுத்த மருந்துகளின் அட்டைகளையும் கையோடு கொண்டு செல்லுங்கள். திரும்பும்போது வெயில் தாழும் வரை மருத்துவமனையிலேயோ குளிர்ந்த இடத்திலேயோ காத்திருந்து, மாலையில் ஏறுங்கள். வீடு வந்ததும் வேறு எதுவும் புதிதாகக் கொடுக்காமல் பழைய புல்லையே போட்டு, விளக்கை அணைத்துவிட்டு, இரவு 11 மணிக்கும் விடியற்காலை 3 மணிக்கும் எழுந்து தட்டைப் பாருங்கள்.